தபாலில் சேர்க்காத விண்ணப்பம்

அமுதா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, அதனால் விட்டுவிட்டேன். உன் கடிதம் போன வாரம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பிசியோதெரபி படிப்பு முடித்தவர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி தர அந்த ஆஸ்பத்திரியில் மறுபடியும் விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள், இந்தத் தடவை அப்பா கையெழுத்து தேவையில்லை, ஆனாலும் நீ சரி என்று ஒரு வரி எழுதினால்தான் அனுப்புவேன் என்று எழுதியிருந்தாய். ஒரு வரிக்கு இத்தனை நாளா என்று நினைத்திருப்பாய். அந்த வரியை எழுதும் முன்பு உன்னிடம் சொல்லவேண்டியவை இரண்டு இருந்தன. சுற்றி வளைத்தால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்ற பயத்தில் முதலிலேயே எழுதிவிடுகிறேன். போன தடவை நீ என்னிடம் கொடுத்துவிட்டுப் போன விண்ணப்பத்தை நான் தபாலில் சேர்க்கவில்லை. உன் சித்தப்பா ஏழுமலை பம்பாயில் இல்லை. அவன் ஒருநாளும் பம்பாய்க்குப் போனதில்லை. நீ போக ஆசைப்படும் அதே தொழுநோய் ஆஸ்பத்திரியில், ஊர் சொல்கிற பெருவியாதி ஆஸ்பத்திரியில்தான் பதினாறு வருடமாக இருக்கிறான்.

இதைப் படித்துவிட்டு நீ கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் நியாயம்தான். கிழிக்கவில்லை என்றால் மீதியையும் படி.

போன வருடப் பொங்கலுக்கு நீ ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாய். கடைசி வருடம் ஆறு மாதம் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு இருந்து வேலை கற்கவேண்டும், இடம் நாங்களே எழுதிப் போட்டுப் பிடிக்கவேண்டும் என்று சொல்லி நடு வீட்டில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாய். நாலு ஆஸ்பத்திரி. முதல் மூன்றுக்கும் கார்பன் வைத்து ஒரே மூச்சில் எழுதி முடித்தாய். நாலாவதுக்கு மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டாய். எழுதினாய், அடித்தாய், மாட்டுக்குத் தண்ணி காட்டப் போன அம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாய். "எங்க கிளாஸ்ல எல்லாரும் முதுகு, முட்டின்னு எழுதறாங்க நைனா. நான் பாதம்னு எழுதப் போறேன். பாதத்துக்குன்னே தனியா ஒரு படிப்பு வெளிநாட்டுல இருக்குதாம். இங்க அது கிடையாது. இங்க பாதத்தப் பத்தி நல்லாத் தெரிஞ்சவங்க இருக்கறது பெருவியாதி ஆஸ்பத்திரிலதான்" என்றாய். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பூக்காரி ஒருத்தியைப் பார்த்ததைச் சொன்னாய். அவள் உள்ளங்காலில் ஆணி ஏறி ஒரு வாரமாக இருந்திருக்கிறது, அவள் நடந்துகொண்டே இருந்திருக்கிறாள். வலிக்காததால் அவளுக்குத் தெரியவில்லை. "வலி இல்லாததுதான் நைனா வியாதியே" என்று நீ சொன்னபோது நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். மீதிச் சோற்றை மாட்டுக்குப் போட்டேன்.

அன்று சாயங்காலம், காலில் உணர்ச்சி பார்க்கிறேன் என்று ஒரு நைலான் நரம்பை எடுத்துக்கொண்டு அம்மாவைக் கண்ணை மூடச் சொன்னாய். அவள் உள்ளங்காலில் அதை வைத்து வைத்து எடுத்தாய். அவள் கூச்சத்தில் சிரித்துக்கொண்டே "உம்", "உம்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ நீட்டு நைனா" என்றாய். நான் காலை இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். எனக்கு ஏதோ வெட்கம் என்று நீ நினைத்தாய். வெட்கம் இல்லை. பதினாறு வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒருவர் பஞ்சை வைத்து ஏழுமலையின் காலைத் தொட்டபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு எப்போது தொடப்போகிறார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தான். அவர் தொட்டுமுடித்துக் கையைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் அந்த நாலாவது விண்ணப்பத்தை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாய். ஏன் இந்தத் துறைக்கு வர விரும்புகிறாய் என்ற கேள்விக்கு நீ எழுதியிருந்த பதிலை வரிக்கு வரி சொன்னாய். எனக்கு ஒரு சித்தப்பா இருந்தார், பஸ் கண்டக்டர், அவர் நடந்துவரும்போது ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவர் பாட்டுக்கு நடந்து வந்துகொண்டே இருப்பார், ஐந்து வயதில் நான் ஓடிப்போய் அதை எடுத்துவந்து கொடுப்பேன், அது எனக்கு விளையாட்டாக இருந்தது, இப்போது படித்தபிறகு அது விளையாட்டு இல்லையோ என்று தோன்றுகிறது. இப்படி எழுதியிருந்தாய். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். "சித்தப்பாவுக்கு அந்த வியாதி இருந்திருக்குமா நைனா?" என்று கேட்டாய்.

"அவன் செருப்பு பெருசு. அவ்வளவுதான்" என்றேன்.

"பம்பாய்க்கு எழுதிக் கேக்கலாமே. விலாசம் இல்லியா?"

"அவன் எழுதறதே இல்ல. நீ இந்த ஆஸ்பத்திரிக்கெல்லாம் போவ வேணாம். நாளைக்கு உன்ன எவன் கட்டிக்குவான்?"

அதற்கப்புறம் நடந்த சண்டை உனக்கே தெரியும். அது அப்படி ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை, மருந்து வந்துவிட்டது, மாத்திரை சாப்பிட ஆரம்பித்தவரிடமிருந்து பரவாது என்று நீ சொல்லச் சொல்ல, நான் கல்யாணம், ஊர், சொந்தம் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். ஊரில் நாலு அப்பன்மார் சொல்லக்கூடிய காரணம் அது. அதன் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்கு வசதியாக இருந்தது. ஹாஸ்டலுக்குத் திரும்பும் நாள் நீ பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபிறகு ஜன்னல் வழியாக அந்தக் கவரை நீட்டினாய். ஸ்டாம்பு ஒட்டி விலாசம் எழுதி வைத்திருந்தாய். அப்பா கையெழுத்துப் போடவேண்டிய இடம் மட்டும் காலி. "மனசு வந்தா கையெழுத்துப் போட்டு நீயே தபால்ல சேத்துடு நைனா. வரலன்னா எனக்கு ஒரு கார்டு போடு. நான் விட்டுடறேன், கோச்சுக்க மாட்டேன்" என்றாய். நீ எனக்கு நேரான வழி ஒன்றைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனாய். மாட்டேன் என்று ஒரு கார்டு எழுதியிருந்தால் நான் பிடிவாதக்கார அப்பனாக மட்டும் இருந்திருப்பேன். நான் எழுதியது, சேர்த்துவிட்டேன் என்று.

கவர் பஸ் ஸ்டாண்டில், என் டைம்கீப்பர் மேஜையில், டிரிப் ஷீட்டுகளுக்கு அடியில் கிடந்தது. மாதக் கடைசி வரைக்கும் தேதி இருந்தது. தினமும் காலையில் ஷீட்டை எடுக்கும்போது கையில் படும். எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதிவைப்பதுதான் என் வேலை. அதை எழுதிக்கொண்டே அந்தத் தேதியைத் தாண்டவிட்டேன். பதில் வந்ததா என்று நீ இரண்டு கடிதம் எழுதினாய். வரும், பொறு என்று எழுதினேன். கடைசியில் எலும்பு முறிவு வார்டில் சேர்ந்துவிட்டதாக எழுதினாய். "இல்லைன்னுகூட அவங்க ஒரு வரி எழுதல நைனா. நான் எழுதினது அவ்ளோ மோசமாவா இருந்துது?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கடிதத்தை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். உன் விண்ணப்பத்தில் ஒரு குறையும் இல்லை. அதைத்தான் நீ முதலில் தெரிந்துகொள்ளவேண்டும்.

இனி ஏழுமலை. எனக்கும் அவனுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். எங்கள் அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள், அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் நான், பஸ் கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்ததும் நான். திண்டிவனம் திருவண்ணாமலை வண்டியில் கண்டக்டர். டிரைவர் காதர் அண்ணன். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் ஏழுமலை யாரையும் கடிந்து பேசமாட்டான். செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு ராஜகிரிக்கு எந்த வழி, கிருஷ்ணகிரிக்கு எந்த வழி என்று இறங்கி நின்று கையைக் காட்டிவிட்டுத்தான் விசில் கொடுப்பான். அவனுக்கு இருபத்தி நாலு வயது நடந்தபோது ஒரு மத்தியானம் வண்டி ஸ்டாண்டுக்குள் வந்ததும் காதர் அண்ணன் இறங்கி நேராக என்னிடம் வந்தார். அவன் இன்ஜின் மூடிமேல் காலை வைத்தபடி டிக்கெட் கணக்குப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். அந்த மூடி கொதிக்கும், வெறுங்கையை வைக்கமுடியாது. ஏதோ கருகுகிற வாடை வந்து அவர் திரும்பிப் பார்த்தால், கருகியது அவன் குதிகால். "கால எடுடான்னு கத்தினேன் தம்பி. ஏன் கத்தறீங்கன்னு என்னையே கேக்கறான்" என்றார்.

வண்டியில் வந்த மேல்சித்தாமூர் நெல் வியாபாரி ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் முதலாளியிடம் சொல்லிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சின்னவன எங்கயாச்சும் கூட்டினு போய்க் காட்டு. இனிமே வண்டில ஏறவேணாம்" என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். ஒரு வாரத்துக்குள் மூன்று பஸ் மாறி அவனை அந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு ஸ்டாண்டிலும் கண்டக்டர்கள் டிக்கெட் கிழிப்பதைப் பார்த்துக்கொண்டே வந்தான். பஞ்சால் தொட்டுப் பார்த்து முடிந்ததும், சேர்ப்பதற்கு ஒரு பதிவேட்டில் எழுதினார்கள். ஊர் என்ன என்று கேட்டார்கள். செஞ்சி என்று சொல்லவில்லை, தளவானூர் என்றேன். கூட வந்தது யார் என்று கேட்டார்கள்.

"தெரிஞ்சவன்" என்றேன்.

குமாஸ்தா "தெரிந்தவர்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஏழுமலை என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும். நான் கிளம்பும்போது உன்னை நினைத்து, "பாப்பாவ கேட்டன்னு சொல்லு" என்றான்.

ஊருக்கு வந்து பம்பாய் என்று சொன்னேன். உனக்கும் அதையேதான் சொன்னேன். அவனுக்கு இந்த வியாதி என்று உன் அம்மாவுக்குத் தெரியும், எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று தெரியாது. முதல் இரண்டு வருடத்தில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். அவன் பஸ் ஸ்டாண்ட் விலாசத்துக்கு எழுதிக்கொண்டிருந்தான். ஆறேழு கடிதம் இருக்கும். ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை. மூன்றாவது தடவை போனபோது கேட்டுக்கு எதிரில் டீக்கடையில் உட்கார்ந்தேன். செஞ்சிக்காரர் யாரோ அந்தப் பக்கம் நடந்துபோன மாதிரி இருந்தது. அவரா, இல்லையா என்றுகூட நிச்சயமாகத் தெரியாது. எழுந்து, அடுத்து வந்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அவன் அங்கிருந்து எங்கேயோ போய்விட்டானாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நாள் அழுதாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். இதையெல்லாம் உனக்காகச் செய்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ பெரியவளாகும்போது, உன் கல்யாணம் வரும்போது என்று. உன்னைக் காரணமாக வைத்துக்கொண்டதற்காகவும் என்னை நீ மன்னிக்கவேண்டாம்.

நீ எலும்பு முறிவு வார்டில் சேர்ந்த பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. தேதி முடிந்து ஒரு மாதமானபின், கவரை எடுத்து, அப்பா கையெழுத்து என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு நானே கிளம்பினேன். நேரில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள் என்று ஒரு நப்பாசை. பயிற்சிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர், தலை நரைத்தவர், என்னை உட்காரவைத்தார். தபால் தவறிவிட்டது என்றேன். அங்கேயும் பொய்தான். "இடம் காலியாதான் இருக்கு. இந்தத் தடவை யாருமே வரல. ஆனா பட்டியல் போயாச்சு, இனிமே அடுத்த வருஷம்தான்" என்றார். கவரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். நீ சித்தப்பாவைப் பற்றி எழுதியிருந்த இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொண்ணு ரொம்ப நல்லா எழுதியிருக்கு. செருப்பு கழண்டு விழுந்தா தெரியலன்னா, கால் மரத்துப் போச்சுன்னு அர்த்தம். இவர் இப்ப எங்க இருக்காரு?"

"பம்பாய்ல."

"எப்பிடியாவது தேடிக் கூட்டினு வாங்க. கால் இருக்கறப்பவே கூட்டினு வாங்க" என்றார்.

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். அந்த அறைக்கும் செருப்பு தைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு வேப்பமரமும் ஐம்பதடி நிலமும்தான் இருந்தன. கொட்டகை வாசலில் ஒருவன் உட்கார்ந்து கறுப்பு ரப்பரை வெட்டிக்கொண்டிருந்தான். மரத்துப்போன கால்களுக்கு மெத்தென்று போட அவர்களே அங்கே தைக்கிற செருப்பு. விரல்கள் மடங்கிப்போயிருந்தன, ஆனாலும் கத்தியை ஒரு தினுசாகப் பிடித்து வளைத்து வெட்டினான். நிமிர்ந்து பார்த்தான். "வாண்ணா" என்றான். பதின்மூன்று வருடம் கழித்து, நேற்று பார்த்த மாதிரி. புது லுங்கி கட்டியிருந்தான். நான் அதைப் பார்ப்பதைக் கவனித்து, "காதர் அண்ணன் ரம்ஜானுக்குக் கொண்டாந்து குடுத்தாரு. வருஷத்துக்கு ரெண்டு தபா வருவாரு" என்றான். காதர் அண்ணன் தினமும் என் மேஜைக்கு முன்னால் வண்டியை நிறுத்துகிறார், சலாம் சொல்கிறார். இத்தனை வருடத்தில் இதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"பாப்பா இன்னா பண்ணுது?" என்று கேட்டான்.

உன் விண்ணப்பம் எதிர் அறையில் ஒரு மேஜைமேல் கிடந்தது. அதில் அவனைப் பற்றித்தான் எழுதியிருந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் உன்னைப் பார்க்கக் கேட்பான், நீ வருவாய், நான் செய்ததெல்லாம் வெளியே வரும். "டீச்சருக்குப் படிக்குது" என்றேன். "நல்ல வேலதான்" என்று சொல்லி அவன் சிரித்தான். எனக்கு டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லி உள்ளே யாரையோ கூப்பிட்டான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன். நேரமாகவில்லை.

இப்போது உன் கடிதம் வந்ததும், எழுதுவதற்கு முன்னால் அவனிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று பட்டது. போன ஞாயிற்றுக்கிழமை போனேன். கொட்டகையில் அவன் இல்லை. வார்டில் என்றார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போன வருடம் மழைக்காலத்தில் உள்ளங்காலில் புண் வந்திருக்கிறது, அது எலும்பு வரைக்கும் போய், எடுக்கவேண்டியதாகிவிட்டது. கட்டில் காலில் ஒரு செயற்கைக் கால் சாத்தி வைத்திருந்தது. அந்த நரைத்த அம்மாவிடம் போய், போன வருடம் இன்னொரு ஆள் பயிற்சிக்கு வந்திருந்தால் இவன் கால் தப்பித்திருக்குமா என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. "அப்படி அடிச்சுச் சொல்லமுடியாது. வருஷம் பூரா நான் ஒருத்திதான் இருந்தேன். தினம் ஒரு ஆள் கால் பாத்திருந்தா, புண்ணு சின்னதா இருக்கறப்பவே கண்ணுல பட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. பட்டிருக்கலாம் என்ற வார்த்தையோடு நான் இனி இருந்துகொள்ளவேண்டும். உன்மேல் அதில் ஒரு துளிக் குற்றமும் இல்லை. நீ வரத் தயாராகத்தான் இருந்தாய்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ டீச்சருக்குப் படிக்கவில்லை என்பது, இந்த ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டது, அந்தக் கவர் என் மேஜையில் கிடந்தது, எல்லாம். அவன் குறுக்கே பேசவில்லை. இந்த மனிதனுக்குக் கோபமே வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னக் கொண்டாந்து வுட்டுட்டுப் போன. சரி, எனக்கு வியாதி. அந்தப் பொண்ணுக்கு இன்னா வியாதிண்ணா? அதுக்கு ஏன் பொய் சொன்ன?" என்றான்.



திங்கட்கிழமை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், பேசுவதில்லை. அனந்தபுரத்திலிருந்து உன்னைக் கேட்டு ஒரு வரன் வந்திருப்பது உனக்குத் தெரியும். சித்தப்பாவைப் பற்றி அவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று அம்மா உன்னைக் கேட்டு எழுதச் சொல்லலாம். என்னைக் கேட்டால், மறைக்கச் சொல்லி இனி உன்னிடம் நான் கேட்கமாட்டேன். சொன்னபிறகு அவர்கள் பின்வாங்கினால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அதை இப்போதே பொய் சொல்லாமல் எழுதிவிடுகிறேன். ஆனால் அந்த வருத்தத்துக்காக நீ வளைந்துகொடுக்கவேண்டாம்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த வேலைக்கு நீ போனால், நோயாளியைக் கொண்டுவந்து சேர்க்கிறவர்களை நீ பார்ப்பாய். தூரமாக நிற்பார்கள், கேள்வி கேட்டால் பார்வையைத் திருப்புவார்கள், யார் என்று கேட்டால் தெரிந்தவர் என்பார்கள். அவர்களை அதட்டாதே. அப்படியே விட்டும்விடாதே. உட்காரவைத்து, மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேள். என்னை யாராவது அன்று அப்படிக் கேட்டிருந்தால் நான் வந்திருப்பேன் என்று சொல்லவரவில்லை. வராமல் இருந்திருக்கவும் கூடும். ஆனால் கேட்கவேண்டும். இன்னொன்று, எனக்காகவோ, நான் செய்ததற்கு ஈடாகவோ நீ அங்கே போகவேண்டாம். சித்தப்பாவுக்காகவும் போகவேண்டாம். பாதத்தைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டாயே, அந்த ஆசை இன்னும் இருந்தால் மட்டும் விண்ணப்பத்தை அனுப்பு. நீ கேட்ட ஒரு வரி இதுதான்: எனக்குச் சம்மதம்.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்ப எழுந்தபோது ஏழுமலை அந்தச் செயற்கைக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். வாரைத் தடவிப் பார்த்தான். "இத குடுத்து மூணு மாசம் ஆவுது. போட்டு நின்னா சாஞ்சிடறேன். இந்தம்மா ஒருத்தங்க, எத்தினி பேரத்தான் பாப்பாங்க" என்றான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான். "பாப்பா வந்தா எம் முன்னால அழக்கூடாதுன்னு சொல்லு. அழறதுக்குன்னா வரவேணாம். நடக்கவைக்கத் தெரியுமான்னு கேளு. தெரியும்னா வரச் சொல்லு."

அவன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். என்னைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

நைனா
செஞ்சி